பெர்கன் – அபர்தீன்: தூரம் எவ்வளவு, பறக்கிற நேரம் எவ்வளவு, நீங்களே கணக்குப் போட்டுப் பாக்கிறது எப்படி

நார்வேக்கு வேலைக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகாத தம்பி ஒருத்தன் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "அண்ணே, பெர்கன்ல இருந்து அபர்தீனுக்கு டிக்கெட் பாத்துட்டு இருக்கேன், பத்து மணிக்குக் கிளம்பி பத்தேகாலுக்கு இறங்குதுன்னு போட்டிருக்கு, பதினஞ்சு நிமிஷத்துல எப்படிண்ணே அந்தக் கடலத் தாண்டுவான், அதே சைட்ல திரும்பி வர்றதுக்கு ரெண்டேகால் மணி நேரம்னு காட்டுது, எது தப்பு"ன்னு கேட்டான். ரெண்டும் தப்பு இல்ல. ஆனா அத போன்லயே புரிய வைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, அதுக்கப்புறம் இதே கேள்விய இன்னும் மூணு நாலு பேர் கேட்டுட்டாங்க, அதனால மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். பெர்கன்–அபர்தீன் ரூட்ட வச்சுத்தான் சொல்லப் போறேன், ஆனா ஐரோப்பாவுல எந்த ரெண்டு சின்ன ஏர்போர்ட்ட எடுத்தாலும் இதே முறைதான்.

கைல ஒரு போன் இருந்தாப் போதும். போன்ல இருக்கிற கால்குலேட்டரப் படுக்க வாட்டில திருப்பினா காஸ், சைன் பட்டன் எல்லாம் வரும், அதுல காஸ் ஒண்ணு மட்டும்தான் நமக்கு வேணும். பத்தாங்கிளாஸ் கணக்குக்கு மேல இதுல எதுவும் கிடையாது.

முதல் வேலை: எந்த ஏர்போர்ட்னு உறுதி பண்ணுங்க

இத எல்லாரும் சுலபமாத் தாண்டிப் போயிடுறாங்க, ஆனா தப்பு நடக்கிறது பெரும்பாலும் இங்கதான். ஊர்ப் பேர அடிச்சு வர்ற முதல் ரிசல்ட்ட நம்பாதீங்க, மூணு எழுத்துக் கோட பாருங்க. பெர்கன் ஃபிளெஸ்லாண்ட் ஏர்போர்ட்டுக்கு பி.ஜி.ஓ, அபர்தீனுக்கு ஏ.பி.இசட். அமெரிக்காவுல சவுத் டகோட்டா மாநிலத்துலயும் ஒரு அபர்தீன் இருக்கு, அதுக்கும் சொந்தமா ஏர்போர்ட் இருக்கு, அதோட கோட் ஏ.பி.ஆர். கடைசி எழுத்து ஒண்ணுதான் வித்தியாசம், தூரம் பாத்தா ஒரு சமுத்திரமே நடுவுல. நெதர்லாண்ட்ஸ்லயும் பெர்கன்னு ஒரு ஊர் உண்டு.

இன்னொன்னு, மலிவு டிக்கெட்ல பெரிய ஊர் பேரப் போட்டு வேற எங்கயோ இறக்கிவிடுற ஏர்போர்ட்டுகள். ஆஸ்லோ டோர்ப்னு விக்கிறது ஆஸ்லோவுல இருந்து சுமார் 110 கி.மீ. தள்ளி சாண்டெஃபியூர்ல இருக்கு. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் கிட்டத்தட்ட 120 கி.மீ. தள்ளி. பாரிஸ் பூவேன்னு சொல்றது பாரிஸ்ல இருந்து 80 கி.மீ.க்கு மேல. டிக்கெட்ல மிச்சம் பிடிச்ச காசும் நேரமும் பஸ்லயே போயிடும். அதனால தூரம் கணக்குப் போடுறப்ப ஊருக்கும் ஊருக்கும் போடாதீங்க, ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் போடுங்க, அப்புறம் ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குத் தனியாக் கூட்டிக்குங்க.

நம்ம ரூட்ல இந்தத் தொல்லை கம்மி. ஃபிளெஸ்லாண்ட் பெர்கன் ஊருக்குத் தெக்கால, லைட் ரயில் நேரா டெர்மினலுக்கே போகுது (2017ல இருந்து), ஊர் நடுவுல இருந்து சுமார் முக்கால் மணி நேரம். அபர்தீன் ஏர்போர்ட் ஊருக்கு வடமேக்குல, டைஸ்ங்கிற இடத்துல, பத்து கி.மீ. பக்கம்.

அடுத்தது: நேர்கோட்டுத் தூரம்

மேப்ல ஏர்போர்ட் மேல விரல அழுத்திப் பிடிச்சா ரெண்டு நம்பர் வரும், ஒண்ணு அட்சரேகை, இன்னொண்ணு தீர்க்கரேகை. ரெண்டு தசம இடம் போதும்.

பெர்கன்: 60.29, 5.22
அபர்தீன்: 57.20, −2.20

அந்த மைனஸ நல்லாப் பாத்துக்குங்க. லண்டன் கிரீனிச்சுக்கு மேக்கால இருக்கிற இடத்துக்கெல்லாம் தீர்க்கரேகை மைனஸ்ல வரும், அபர்தீன் மேக்கால இருக்கு. நான் முதல் தடவ இந்தக் கணக்கப் போட்டப்ப மைனஸ விட்டுட்டேன், 385 கி.மீ.ன்னு வந்துச்சு, அதையே ஒரு வாரம் நம்பிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் டைம்டேபிளோட ஒத்துப் பாக்கிறப்பதான் இவ்வளவு கிட்டத்துல இருந்தா ஏன் இவ்வளவு நேரம் ஆகுதுன்னு சந்தேகம் வந்து திருப்பிப் பாத்தேன்.

இப்ப கணக்கு. வடக்கு தெக்கா ஒரு டிகிரி நகந்தா சுமார் 111 கி.மீ., இது பூமில எங்க நின்னாலும் ஏறக்குறைய மாறாது. 60.29ல இருந்து 57.20 கழிச்சா 3.09, அத 111ஆல பெருக்கினா 343 கி.மீ. இது தெக்க இறங்குற தூரம்.

கிழக்கு மேக்கு அப்படி இல்ல. நிலநடுக்கோட்டுல ஒரு டிகிரி 111 கி.மீ.தான், ஆனா வடக்க போகப் போக தீர்க்கரேகைக் கோடுகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கிட்டே போய் துருவத்துல ஒரே புள்ளியாச் சேந்துடும், ஆரஞ்சுச் சுளை மேல போகப் போக ஒடுங்குற மாதிரி. அதனால அங்க இருக்கிற அட்சரேகையோட காஸால பெருக்கணும். ரெண்டு ஊருக்கும் நடு அட்சரேகை 58.75, அதோட காஸ் 0.519. அதாவது இந்த இடத்துல கிழக்கு மேக்கா ஒரு டிகிரின்னா 58 கி.மீ. பக்கம்தான், சென்னைப் பக்கம் இருக்கிறதுல பாதியவிடக் கொஞ்சம் கூட. தீர்க்கரேகை வித்தியாசம் 5.22 கூட்டல் 2.20, மொத்தம் 7.42. 7.42 × 0.519 × 111 = 427 கி.மீ.

கால்குலேட்டர்ல காஸ் போடுறப்ப மைனஸ் 0.589ன்னு வந்தா பயப்படாதீங்க, அது டிகிரிக்குப் பதிலா ரேடியன்ல இருக்குன்னு அர்த்தம், மாத்திக்குங்க.

கடைசியா பைதாகரஸ். 343 ஸ்கொயர், 427 ஸ்கொயர், கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 548. முடிஞ்சுது, பெர்கன்ல இருந்து அபர்தீனுக்கு நேர்கோட்டுல 548 கி.மீ. விமானக்காரங்க நாட்டிகல் மைல்ல பேசுவாங்க, 1.852ஆல வகுத்தா 296. பிரிட்டன்காரங்க சொல்ற சாதா மைல்ல 340 சொச்சம்.

பூமி உருண்டையாச்சே, தட்டையா வச்சுக் கணக்குப் போட்டா சரியா வருமான்னு கேப்பீங்க. சரியான முறை பெருவட்டத் தூரம் (பூமியோட வளைவு மேலயே அளக்கிற மிகக் குறைஞ்ச தூரம்), அதுக்கு ஹேவர்சைன்னு ஒரு சூத்திரம் இருக்கு, அதுலயும் போட்டுப் பாத்தேன், அதுவும் 548தான் வருது. ஐநூறு அறுநூறு கி.மீ.க்கு வித்தியாசமே தெரியாது. ஆயிரத்தைந்நூறு ரெண்டாயிரம் தாண்டுச்சுன்னா, அதுவும் ரொம்ப வடக்க இருக்கிற ஊர்னா, தட்டைக் கணக்கு தப்ப ஆரம்பிக்கும், அப்ப ஆன்லைன் கால்குலேட்டர் போயிடுங்க.

ரோட்டுத் தூரத்தோட குழப்பிக்காதீங்க

மேப்ல ரெண்டு ஊரையும் போட்டு கார் படத்தத் தட்டினீங்கன்னா 2,000 கி.மீ.க்கு மேல ஏதாவது காட்டும். ஏன்னா நடுவுல இருக்கிறது வட கடல், ஓட்டிக்கிட்டுப் போகணும்னா டென்மார்க் ஃபெரி பிடிச்சு, ஜெர்மனி, நெதர்லாண்ட்ஸ்னு சுத்திக்கிட்டு, மறுபடி கடலத் தாண்டி இங்கிலாந்துல இறங்கி, ஸ்காட்லாண்டோட வடகிழக்கு மூலை வரைக்கும் ஏறணும். முன்னாடி பெர்கன்ல இருந்து நியூகாசிலுக்குப் பயணிகள் கப்பல் இருந்துச்சு, 2008ல நிறுத்திட்டாங்க. பழைய ஆளுங்க இன்னும் அந்தக் கப்பலப் பத்தி ஏக்கமாப் பேசுவாங்க.

இந்தக் கடல் மேல எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல நார்வேய ஜெர்மன்காரன் பிடிச்சு வச்சிருந்தப்ப, 1941ல இருந்து போர் முடியிற வரைக்கும், நார்வே மீனவங்க ஷெட்லாண்ட் தீவுல இருந்து, முதல்ல சின்ன மீன்பிடிப் படகுலயும் அப்புறம் வேகமான படகுலயும், நார்வே கரைக்கு ஆளையும் ஆயுதத்தையும் கொண்டுவந்து இறக்கிட்டு, தப்பிக்கிறவங்கள ஏத்திக்கிட்டுப் போனாங்க, அதுவும் குளிர்கால ராத்திரில, இருட்டு நீளமா இருக்கும்கிறதுக்காகவே அந்தக் காலத்தத் தேர்ந்தெடுத்து. ஷெட்லாண்ட் பஸ்னே அதுக்குப் பேர். ஜன்னல் சீட் கிடைச்சு கீழ கருப்பா அந்தத் தண்ணியப் பாக்கிறப்பெல்லாம் எனக்கு அவங்க ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பறக்கிற நேரம்

548 கி.மீ.ய வேகத்தால வகுத்தா நேரம் வந்துடும்னு நினைப்போம், அது பாதிக் கணக்குதான். முதல்ல எந்த விமானம்னு பாருங்க, டிக்கெட் புக் பண்ற பக்கத்துலயே சின்ன எழுத்துல இருக்கும். இந்த ரூட்ல விடரோ நிறுவனம் டேஷ் 8 விமானம் ஓட்டுறாங்க, இறக்கைல பெரிய விசிறி சுத்துமே, டர்போபிராப், அந்த வகை. வேகம் தோராயமா இப்படி வச்சுக்குங்க: டேஷ் 8-400 மணிக்கு 650 கி.மீ., ஏ.டி.ஆர் 72ன்னா 500, எம்பிரேர் மாதிரி சின்ன ஜெட்டுன்னா 800.

அதோட ரெண்டு விஷயம் கூட்டணும். மேல ஏறும்போதும் கீழ இறங்கும்போதும் அந்த முழு வேகம் இருக்காது, ரன்வேக்கு நேரா வர்றதுக்குச் சுத்தணும், இதுக்கெல்லாம் 15 நிமிஷம். கேட்ல இருந்து ரன்வே வரைக்கும், அப்புறம் இறங்கி ரன்வேல இருந்து கேட் வரைக்கும் தரையில உருண்டு போறதுக்கு 10 நிமிஷம். பெரிய ஏர்போர்ட்டுன்னா இந்தப் பத்து இருபதாகும் முப்பதாகும், ஆனா பெர்கன் அபர்தீன் ரெண்டும் சின்னது, பத்து போதும்.

டேஷ் 8-400க்கு: 548ஐ 650ஆல வகுத்து 60ஆல பெருக்கினா 51 நிமிஷம், கூட 25, மொத்தம் 76. ஒண்ணேகால் மணி நேரம்னு வச்சுக்கலாம்.

ஏ.டி.ஆர் 72ன்னா 66 கூட்டல் 25, ஒன்றரை மணி நேரம்.

ஜெட்டுன்னா 41 கூட்டல் 25, 66 நிமிஷம்.

இதுல ஒண்ண கவனிங்க, இதுதான் புதுசா வர்றவங்களுக்கு நான் முக்கியமாச் சொல்ல நினைக்கிறது. ஜெட்டு 150 கி.மீ. வேகமாப் போகுது, ஆனா மிச்சமாகிறது பத்தே நிமிஷம். தூரம் கம்மியாக ஆக வேகத்துக்கு மதிப்பு குறைஞ்சுட்டே போகும், அந்த 25 நிமிஷம் மட்டும் எங்கயும் போகாம அப்படியே நிக்கும். அதனாலதான் இந்த மாதிரி ரூட்டுல விசிறி விமானம் ஓட்டுறாங்க, எரிபொருள் கம்மி, சின்ன ரன்வேல இறங்கலாம், நேரமும் பெருசாக் கூடுறதில்ல. "ஐயோ விசிறியா"ன்னு சில பேர் பயந்து, ஜெட்டு வேணும்னு ஆம்ஸ்டர்டாம் சுத்திப் போற டிக்கெட் போடுறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. அது பழைய விமானமும் இல்ல, பாதுகாப்பு கம்மியும் இல்ல. சத்தம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், சத்தம் பிடிக்காதவங்க விசிறிக்குப் பின்னாடி தள்ளி சீட் எடுத்துக்குங்க.

ஏன் சுத்தணும்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடுறேன். ரன்வேல எழுதியிருக்கிற நம்பர பத்தால பெருக்கினா அது எந்தத் திசையப் பாத்து இருக்குன்னு தெரியும். பெர்கன் ரன்வே 17/35, அபர்தீன் 16/34. ரெண்டுமே ஏறக்குறைய வடக்கு தெக்கா கிடக்கு. ஆனா நாம போக வேண்டியது தென்மேற்கு. அதனால காத்து வடக்க இருந்து அடிச்சா பெர்கன்ல வடக்கப் பாத்து எழும்பி அப்புறம் திரும்பி வரணும், அபர்தீன்ல இறங்குறப்பவும் ஒரு வளைவு போட்டுத்தான் ரன்வேக்கு நேரா வர முடியும். நிஜத்துல பறக்கிற தூரம் 548ஐ விட எப்பவும் கொஞ்சம் கூடத்தான்.

காத்து

இந்தக் கடல் மேல பெரும்பாலும் மேக்கால இருந்தோ தென்மேக்கால இருந்தோதான் காத்து அடிக்கும், குளிர்காலத்துல பலமா. அபர்தீன் போறப்ப எதிர்க்காத்து, பெர்கன் வர்றப்ப முதுகுல தள்ளுற காத்து. மணிக்கு 80 கி.மீ. காத்துன்னு வச்சுக்கிட்டா போறப்ப 650ல 80 கழிச்சு 570, அதுக்கு 58 நிமிஷம். வர்றப்ப 730, அதுக்கு 45 நிமிஷம். போக வர 13 நிமிஷ வித்தியாசம், ரெண்டும் அதே விமானம், அதே தூரம். கம்பெனிக்காரங்களுக்கு இது தெரியும், டைம்டேபிள்லயே கொஞ்சம் தாராளமா நிமிஷம் சேத்துத்தான் போட்டிருப்பாங்க, அதனாலதான் சில நாள் "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு பைலட் சொல்றது.

அந்தப் பதினஞ்சு நிமிஷப் புதிர்

டிக்கெட்ல போட்டிருக்கிற கிளம்புற நேரம் கிளம்புற ஊரோட நேரம், இறங்குற நேரம் இறங்குற ஊரோட நேரம். நார்வே பிரிட்டன விட ஒரு மணி நேரம் முன்னாடி. பெர்கன்ல 10:00க்குக் கிளம்பி ஒண்ணேகால் மணி நேரம் பறந்தா நார்வே நேரம் 11:15, அத அபர்தீன் கடிகாரத்துல பாத்தா 10:15. திரும்பி வர்றப்ப அபர்தீன்ல 10:45க்குக் கிளம்பினா பிரிட்டன் நேரம் 12:00, பெர்கன்ல 13:00. ஒரு பக்கம் 15 நிமிஷம், இன்னொரு பக்கம் ரெண்டேகால் மணி நேரம். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க, 150ல பாதி 75 நிமிஷம், அதுதான் நிஜ நேரம். எந்த ரூட்டா இருந்தாலும் இந்தக் குறுக்கு வழிய வச்சுக்குங்க, டைம் ஜோன் எதுவுமே தெரியாட்டியும் போக வர நேரத்தக் கூட்டி ரெண்டால வகுத்தா சராசரி வந்துடும், காத்து வித்தியாசமும் அதுலயே அடிபட்டுப் போயிடும்.

கோடைக்கால நேரம் மாத்துறாங்களே, அப்ப குழம்பாதான்னு கேட்டா, குழம்பாது. மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு, ரெண்டு நாடும் ஒரே நொடியில மாத்துறாங்க, அந்த ஒரு மணி நேர வித்தியாசம் வருஷம் முழுக்க அப்படியேதான்.

வீட்டுல இருந்து வீடு வரைக்கும்

ஒண்ணேகால் மணி நேரப் பயணம்னு சொல்லிட்டு மத்தியான மீட்டிங்குக்குப் பதினோரு மணி விமானம் பிடிக்கிறவங்கள பாத்திருக்கேன், பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போய் நிப்பாங்க. இப்படிக் கணக்குப் போடுங்க. பெர்கன் ஊர்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு லைட் ரயில்ல 45 நிமிஷம். விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும், இது உள்நாட்டு விமானம் மாதிரி கடைசி நிமிஷத்துல ஓடிப் போய் ஏறுற கதை இல்ல, பாஸ்போர்ட் கவுண்டர் தாண்டணும். விமானம் 75 நிமிஷம். அபர்தீன்ல பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் சேத்து 40. ஊருக்குள்ள போக பஸ்ல 30. மொத்தம் 280 நிமிஷம், நாலு மணி நாப்பது நிமிஷம். பத்து மணி விமானத்துக்கு ஏழே முக்காலுக்கு வீட்ட விட்டுக் கிளம்பினா அபர்தீன் நேரம் 11:25க்கு ஊருக்குள்ள இருப்பீங்க. காத்துல பறக்கிறது ஒரு மணி நேரம், மிச்சம் மூணரை மணி நேரத்துக்கு மேல தரையிலதான்.

டைஸ்ல ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, மேப்ல பாத்தா ஏர்போர்ட்ட ஒட்டின மாதிரியே இருக்கும். நம்பிப் போயிடாதீங்க, ஸ்டேஷன் ரன்வேக்கு அந்தப் பக்கம், டெர்மினல் இந்தப் பக்கம், நடுவுல ரன்வேயக் கடந்து போக முடியாது, சுத்திக்கிட்டு டாக்சிலதான் போகணும். பெட்டி இருந்தா பஸ்ஸே நல்லது. அங்க ஹெலிகாப்டர் வரிசையா நிக்கிறதப் பாப்பீங்க, எல்லாம் கடல்ல இருக்கிற எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏத்திட்டுப் போறது. இவ்வளவு சின்ன ரெண்டு ஊருக்கு நடுவுல நேர் விமானம் இருக்கிறதுக்கே அந்த எண்ணெய்தான் காரணம், 1969ல நார்வே பக்கம் எகோஃபிஸ்க், 1970ல பிரிட்டன் பக்கம் ஃபோர்ட்டீஸ்னு கண்டுபிடிச்சதுல இருந்து ரெண்டு கரைக்கும் ஒரே தொழில். நம்ம ஊர் இன்ஜினியர் பசங்க இந்த ரூட்ல வர்றதும் அதனாலதான்.

பாஸ்போர்ட் விஷயத்த அழுத்திச் சொல்லணும். நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்ல, ஆனா ஷெங்கன்ல (உள்ளுக்குள்ள எல்லைச் சோதனை இல்லாம போய் வர்ற ஐரோப்பிய நாடுகளோட கூட்டு) இருக்கு. பிரிட்டன் ரெண்டுலயும் இல்ல. நார்வே ரெசிடென்ஸ் கார்டு கைல இருந்தா டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் போயிட்டு வரலாம், ஆனா இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க அந்தக் கார்ட நம்பி அபர்தீன் போக முடியாது, பிரிட்டன் விசா தனியா வேணும். அதே மாதிரி அபர்தீன்ல வேலை பாக்கிறவங்களுக்கு பெர்கன் வர ஷெங்கன் விசா. நார்வே பாஸ்போர்ட்டே வாங்கிட்டவங்களுக்கு விசா வேண்டாம், ஆனா 2025 ஏப்ரல்ல இருந்து இ.டி.ஏங்கிற ஆன்லைன் அனுமதி எடுக்கணும். 548 கி.மீ.தானேன்னு நினைச்சு, விசா இல்லாம செக்-இன் கவுண்டர் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவங்கள எனக்கே தெரியும், மனசு கஷ்டமா இருந்துச்சு.

நேர் விமானம் இல்லாத நாள்ல

தினமும் எல்லா நேரத்துக்கும் விமானம் இருக்காது, சனிக்கிழமையெல்லாம் ரொம்பக் கம்மி. அப்ப வழில மாறிப் போகணும். மேல சொன்ன முறையிலயே ஒவ்வொரு துண்டையும் போட்டுப் பாருங்க. ஸ்டாவங்கர் வழியான்னா பெர்கன்–ஸ்டாவங்கர் சுமார் 160, ஸ்டாவங்கர்–அபர்தீன் சுமார் 500, மொத்தம் 660 பக்கம், அதிகம் சுத்தல் இல்ல. ஆம்ஸ்டர்டாம் வழியான்னா 890 பக்கம் தெக்க போய், அங்க இருந்து 700 வடக்க ஏறணும், 1,590 கி.மீ., கிட்டத்தட்ட மூணு மடங்கு. காசு கம்மியா இருக்குன்னு தெரிஞ்சாலும் நடுவுல காத்திருக்கிற நேரத்தையும் கூட்டிட்டு முடிவு பண்ணுங்க. மாறுற இடத்துல ஷெங்கன்ல இருந்து வெளிய போற கேட்டுக்கு பாஸ்போர்ட் வரிசை உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் கம்மியா இடைவெளி இருந்தா நான் எடுக்க மாட்டேன். ரெண்டு துண்டும் ஒரே டிக்கெட்ல இருக்கட்டும், தனித்தனியா வாங்கினா முதல் விமானம் லேட்டாகி ரெண்டாவது போயிட்டா யாரும் பொறுப்பெடுக்க மாட்டாங்க.

அபர்தீன் பக்கம் ஏப்ரல்ல இருந்து கோடை வரைக்கும் கடல்ல இருந்து திடீர்னு பனிமூட்டம் ஏறி வரும், ஹார்னு அங்க சொல்லுவாங்க. ஊருக்குள்ள வெயில் அடிச்சிட்டு இருக்கும், கரையோரம் எதிர்ல நிக்கிற ஆள் தெரியாது. அது பிடிச்சா விமானம் வட்டமடிச்சிட்டு வேற ஊர்ல போய் இறங்குறதும் நடக்கும். அன்னிக்கே முக்கியமான வேலை இருந்தா அந்தக் காலத்துல முதல் நாளே போயிடுங்க.

தூரம் காசாகிற இடம்

இந்த 548ங்கிற நம்பர் சும்மா தெரிஞ்சுக்க மட்டும் இல்ல. விமானம் மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டா சேந்தா, காரணம் கம்பெனியோட தப்பா இருந்தா, ஐரோப்பிய விதி 261/2004படி நஷ்டஈடு உண்டு, நார்வேலயும் அது செல்லும். 1,500 கி.மீ. வரைக்கும் 250 யூரோ. அந்த தூரத்த எப்படி அளக்கணும்னு விதியிலயே எழுதியிருக்கு, பெருவட்டக் கணக்குல, அதாவது நாம மேல போட்ட அதே நேர்கோட்டுத் தூரம். அபர்தீன்ல இருந்து கிளம்புற விமானத்துக்கு பிரிட்டனோட சொந்த விதி, 220 பவுண்ட். பனிமூட்டம், புயல் மாதிரி காரணத்துக்குக் காசு கிடையாது, ஆனா காத்திருக்கிற நேரத்துல சாப்பாடு, ராத்திரி தங்க வேண்டி வந்தா ஓட்டல், இது கம்பெனி குடுத்தே ஆகணும், கேக்கத் தயங்காதீங்க.

ஆம்ஸ்டர்டாம் வழியா போனேன், மொத்தம் 1,590 வந்துடுச்சே, அப்ப அடுத்த படி 400 யூரோ கிடைக்குமான்னு ஒருத்தர் கேட்டார். கிடைக்காது. 2017ல ஐரோப்பிய நீதிமன்றம், ரோம்ல இருந்து பிரஸ்ஸல்ஸ் வழியா ஹாம்பர்க் போன பயணிகளோட வழக்குல தெளிவாச் சொல்லிடுச்சு, வழில எங்க மாறினாலும் முதல்ல ஏறின ஊருக்கும் கடைசியா இறங்குற ஊருக்கும் நடுவுல இருக்கிற நேர்கோடுதான் கணக்கு. போர்டிங் பாஸ பத்திரமா வச்சுக்குங்க, கதவு திறந்த நேரத்தக் குறிச்சு வைங்க, அந்த நேரம்தான் சேந்த நேரம், சக்கரம் தரைல பட்ட நேரம் இல்ல.

பழகிக்கிறதுக்கு ரெண்டு ஜோடி தர்றேன். ஸ்காட்லாண்டுக்கு வடக்க ஆர்க்னி தீவுகள்ல வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரேன்னு ரெண்டு தீவு, நடுவுல 2.7 கி.மீ., உலகத்துலயே குறைஞ்ச தூர பயணிகள் விமானம் அங்கதான் ஓடுது, டைம்டேபிள்ல ரெண்டு நிமிஷம், காத்து சாதகமா இருந்தப்ப 53 வினாடில போயிருக்காங்க. அங்க நம்ம 25 நிமிஷக் கூட்டல் செல்லாது, சின்ன பிஸ்டன் விமானம், உயர ஏறவே மாட்டான்.

ரெண்டாவது நீங்களே போடுங்க. ஷெட்லாண்டோட சம்பர்க் ஏர்போர்ட் 59.88, −1.30. பெர்கன் நம்பர் மேல இருக்கு. விடை 364 கி.மீ. பக்கம் வரணும். 222ன்னு வந்தா அந்த மைனஸ விட்டுட்டீங்க, திருப்பிப் போடுங்க.